அஞ்சியதை அணுகும் நான்கு நாள்கள்

வீட்டைப் பூட்டிய பின் ஒருமுறை பூட்டை இழுத்துப் பார்ப்பது நம்மில் பலருக்கும் உள்ள வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் இருபது முறை இழுத்துப் பார்த்தும் உள்ளம் அடங்காமல், தெருமுனையிலிருந்து மீண்டும் திரும்பி வருவோரும் உண்டு. தோல் உரியும்வரை கை கழுவுவோரும், செபத்தைப் பிழையாகச் சொன்னோமோ என்று முதலிலிருந்து தொடங்குவோரும் உண்டு. இதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர் மருத்துவர். இது பிடிவாதமும் அன்று. விசுவாசக் குறைவும் அன்று.

இந்நோயின் தந்திரம் யாதெனில், அது முதலில் ஐயத்தை எழுப்பும், ஐயம் அச்சமாகும், அச்சம் தணிய ஒரு செயலைச் செய்யத் தூண்டும். செய்தவுடன் சிறிது ஆறுதல் கிடைக்கும். அந்த ஆறுதலே நோய்க்கு உணவாகிறது. அடுத்த முறை ஐயம் இன்னும் வலுவாக எழுகிறது.

இச்சங்கிலியை அறுக்கும் வழியை 1966-இல் இலண்டனில் விக்டர் மேயர் என்னும் உளவியலார் எடுத்துரைத்தார். நோயாளி, தான் அஞ்சுவதை நேருக்கு நேர் அணுக வேண்டும். அச்சம் தணிக்கும் செயலையோ செய்யாதிருக்க வேண்டும். இம்முறை வழக்கமாக வாரம் ஒருமுறை எனப் பல மாதங்கள் நீளும். நார்வே நாட்டின் பெர்கன் நகரில் கெர்ட் குவாலே, பியார்னே ஹான்சன் என்னும் இரு உளவியலார் இதனை நான்கே நாள்களில் செறிவாக அமைத்தனர்.

மூன்று முதல் ஆறு பேர் ஒரு குழுவாகக் கூடுவர். ஒவ்வொருவருக்கும் ஒரு சிகிச்சையாளர் துணை. முதல் நாள் விளக்கமும் ஆயத்தமும். இரண்டாம், மூன்றாம் நாள்கள் முழுவதும் பயிற்சி. அழுக்குக்கு அஞ்சுபவர் கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமலே உணவருந்துவார். யாரும் வற்புறுத்துவதில்லை, தீர்மானம் அவருடையதே. அச்சம் வரும்போது அதைவிட்டு ஓடாமல், அதன் மேலேயே சாய்ந்து நிற்கப் பழகுகிறார். நான்காம் நாள், கற்றதைத் தொகுத்து அடுத்த மூன்று வாரங்களுக்குத் திட்டம் வகுக்கின்றனர். இவ்வாறு சிகிச்சை பெற்றோரை நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 10 பேரில் 7 பேர் நோயின் பிடியிலிருந்து விடுபட்டே இருந்தனர்.

மூன்றாம் நாள் மாலையில் குடும்பத்தாரையும் அழைத்துப் பேசுகின்றனர். நமக்குரிய பாடம் இங்கேதான் உள்ளது. “கை சுத்தமாகத்தானே இருக்கிறது?” என்று மனைவி நூறு முறை கேட்கிறார், கணவர் அன்பினால் நூறு முறையும் “ஆம்” என்கிறார். அவருக்காகப் பூட்டையும் பார்த்து வருகிறார். அந்த அன்பு, தன்னை அறியாமலே நோய்க்குத் துணைபோகிறது. கடிந்து பேசுவதும் பயன் தராது. “உன் அச்சம் எனக்குப் புரிகிறது, ஆயினும் இதற்குப் பதில் சொல்லேன், உன்னோடு இருப்பேன்” என்பதே உண்மையான உதவி.

புனித இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசாவில் பட்ட துன்பம் நாம் அறிந்ததே. முன்னரே முழுமையாக அறிக்கையிட்ட பாவங்களை மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் அவர் அமைதி பெறவில்லை. பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று உறுதி பூண்டபோதே விடுதலை கண்டார். அவருக்கு இந்நோய் இருந்தது என்று கூற நாம் துணியோம். ஆனால் விடுதலை பிறந்த வாயில் ஒன்றே அன்றோ?

நம் இல்லத்தில் ஒருவர் இவ்வாறு வருந்தினால், மறைத்து வைக்க வேண்டாம். மனநல மருத்துவரை அணுகுவோம். அச்சத்தை எதிர்கொள்ளும் இச்சிகிச்சை கிடைக்குமா என்று கேட்போம். தேவையானால் மருந்தும் உண்டு. ஆறுதல் சொல்லிச் சொல்லிச் சுழற்சியை வளர்ப்பதை விடுத்து, அச்சத்தின் நடுவே அவர் அருகில் நிற்கக் கற்போம்.