அந்தப் பன்னிரண்டு பேர் எங்கே?

கோர்ட் சீரிஸ் பார்க்கிற எல்லாருக்கும் இந்த சீன் தெரியும். வக்கீல் கோட் பட்டனைப் போட்டுக்கிட்டே எழுந்து வருவார். சாட்சிக்கு ஒரு அடி தூரத்தில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். சாட்சி முகம் வெளிறிப் போகும். கேமரா அப்படியே ஓரத்தில் ரெண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேர் பக்கம் திரும்பும். அதில் ஒரு அம்மா லேசாகத் தலையாட்டுவார். அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது.

எனக்கு இந்த சீரிஸ் மேல கோபம் எல்லாம் இல்லை. செமஸ்டர் லீவில் 'பாஸ்டன் லீகல்', 'புல்' என்று வரிசையாகப் பார்த்துத் தள்ளிய ஆள்தான் நானும். ஆனால் "அமெரிக்காவில் நிஜமாவே இப்படித்தான் நடக்குமா?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்றவங்க எல்லாரும் சின்னச் சின்ன தப்புகளையே சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நிஜ கோர்ட்டில் வக்கீல் இஷ்டத்துக்கு நடமாட முடியாது, பல இடங்களில் சாட்சி பக்கத்தில் போகவே ஜட்ஜ் அனுமதி வேணும். கடைசி நிமிஷத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும் ரகசிய சாட்சியும் பெரும்பாலும் கற்பனைதான், ரெண்டு தரப்பும் முன்கூட்டியே ஆதாரங்களைப் பரிமாறிக்கணும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று 1963-லேயே பிரேடி வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, இதையெல்லாம் கதைக்காக மன்னிச்சிடலாம்.

இதில் ஒரு தமாஷ் உண்டு. கோர்ட் டிராமாவுக்கே தாத்தா என்று சொல்லக்கூடிய 'பெரி மேசன்' (1957 முதல் 1966 வரை சி.பி.எஸ்ஸில் ஓடியது) எபிசோடுகள் பலவற்றில் ஜூரியே கிடையாது. அங்கே நடப்பது முதற்கட்ட விசாரணை, ஜட்ஜ் மட்டும்தான். பன்னிரண்டு துணை நடிகர்களின் சம்பளமும் மிச்சம்.

ஜூரி என்றாலே எல்லாரும் கை காட்டுவது '12 ஆங்ரி மென்'. 1957-ல் வந்த சினிமாவாகத்தான் நமக்குத் தெரியும். ஆனால் 1954-லேயே அது டிவியில் நேரலை நாடகமாக வந்துவிட்டது. பதினோரு பேர் 'குற்றவாளி' என்கிறார்கள், ஒருத்தர் மட்டும் 'இல்லை' என்கிறார், கடைசியில் எல்லாரையும் மாற்றிவிடுகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் அந்த ஹீரோ நடுவில் என்ன செய்கிறார் என்று கவனிச்சீங்களா? கொலைக் கத்தி மாதிரியே இன்னொரு கத்தியை அவரே கடையில் வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் குத்துகிறார். நிஜத்தில் ஜூரர் சொந்தமாகத் துப்பறியக் கூடாது. கோர்ட்டில் காட்டிய ஆதாரத்தை மட்டும் வைத்துத்தான் முடிவெடுக்கணும். அந்தக் கத்தி விஷயம் வெளியே தெரிந்திருந்தால் அந்த விசாரணையே செல்லாது என்று ஆகியிருக்கலாம்.

அதைவிட முக்கியமான விஷயம் அந்த 11-1. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாரி கால்வென், ஹான்ஸ் ஸைசல் என்ற ரெண்டு பேர் நிஜ ஜூரிகளை ஆராய்ந்து 1966-ல் ஒரு புத்தகம் போட்டார்கள். அவர்கள் கண்டது: முதல் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் பெரும்பான்மையோ, பத்தில் ஒன்பது வழக்குகளில் கடைசித் தீர்ப்பும் அந்தப் பக்கமே. தன்னந்தனியாக நிற்பவர் மற்றவர்களை மாற்றுவது அபூர்வம். பெரும்பாலும் அவர்தான் மாறுவார். நம்ம க்ளாஸில் டூர் எங்கே போறதுன்னு ஓட்டு எடுக்கும்போது என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க, புரியும்.

ஓரிகன் மாநிலத்தில் 2020 வரைக்கும் அந்த ஒருத்தர் மாறக்கூட வேண்டியதில்லை. முதல் நிலைக் கொலை தவிர மற்ற வழக்குகளில் 12-ல் 10 பேர் சொன்னால் போதும், மீதி ரெண்டு பேர் என்ன கத்தினாலும் தீர்ப்பு தீர்ப்புதான். ராமோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது.

ஜூரியை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்பதைத் தொடர்கள் அனேகமாகத் தாண்டிப் போய்விடும். அதை நடுமையமாக வைத்த 'புல்' தொடரை அதற்காகவே பாராட்டலாம். ரெண்டு தரப்புக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் காரணம் சொல்லாமலேயே ஆட்களை நீக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை வைத்து கறுப்பினத்தவரை வரிசையாக நீக்கிக்கொண்டிருந்தார்கள். இனத்தைக் காரணமாக வைத்து நீக்கக் கூடாது என்று 1986-ல் பேட்ஸன் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் "அவர் பார்வை சரியில்லை", "ஆர்வமில்லாத மாதிரி தெரியறார்" என்று வேறு காரணம் சொல்லிக்கொண்டு நீக்குவதாகப் புகார்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 'புல்'லில் இதெல்லாம் வண்ண வண்ண ஸ்க்ரீனில் ஒரு டேட்டா சயின்ஸ் ப்ராஜெக்ட் மாதிரி அழகாக ஓடும். ஜூரி ஆலோசகர்கள் நிஜத்திலும் இருக்கிறார்கள். காசு இருக்கிறவனுக்கு.

டிவி நிஜ ஜூரியைக் கெடுக்கிறதா என்று ஒரு கேள்வியும் உண்டு. 'சி.எஸ்.ஐ.' பார்த்துவிட்டு வருகிறவர்கள் டி.என்.ஏ. ரிப்போர்ட் இல்லாமல் யாரையும் தண்டிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று அரசு வக்கீல்கள் புலம்பினார்கள். மிச்சிகன் மாநில நீதிபதி டொனால்ட் ஷெல்டன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜூரர்களிடம் கேட்டுப் பார்த்தார். அந்த நிகழ்ச்சி பார்க்கிறவர்களுக்கு அறிவியல் ஆதாரம் பற்றிய எதிர்பார்ப்பு அதிகம்தான், ஆனால் தண்டிப்பதா விடுவிப்பதா என்ற முடிவில் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, மக்கள் நாம நினைக்கிற அளவுக்கு முட்டாள் இல்லை.

நமக்கும் ஜூரி ஒன்றும் அந்நியமான விஷயம் இல்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று 1945-ல் சொன்னது சென்னையில் உட்கார்ந்த ஒரு ஜூரிதான். 1947-ல் அவர்கள் விடுதலையானது ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போன பிறகு. 1959-ல் பம்பாயில் நானாவதி வழக்கில் ஜூரி 8-1 என்று 'குற்றவாளி இல்லை' என்றது. ஜட்ஜே அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே தண்டனை கிடைத்தது. நம்ம ஊர் வழக்குகளில் ஜூரி ஏன் இப்போது இல்லை என்பது தனிக் கட்டுரை.

இப்போது அந்தப் பெரிய தப்புக்கு வருகிறேன். டிவி சொல்லும் மிகப் பெரிய பொய், ஜூரி எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றியதே இல்லை. ஜூரி என்று ஒன்று அங்கே உட்காரும் என்பதே பொய்.

2012-ல் மிஸௌரி எதிர் ஃப்ரை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே குறிப்பிட்ட கணக்கு இது. மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்களில் 97 சதவீதம், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவர்கள். அதாவது ப்ளீ டீல். ஜூரி இல்லை, சாட்சி இல்லை, அந்த அம்மா தலையாட்டவும் இல்லை. அரசு வக்கீல் ஒரு பேப்பரை நீட்டுவார், இவர் கையெழுத்துப் போடுவார். 1990-ல் ஆரம்பித்த 'லா அண்ட் ஆர்டர்' இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானது, பல எபிசோடுகள் ஒரு சின்ன ரூமில் பேரம் பேசியே முடியும். ஆனால் அங்கேயும் பேரம் பேசுகிறவன் பெரும்பாலும் நிஜமாகவே தப்பு செய்தவனாகத்தான் இருப்பான்.

பிரையன் பேங்க்ஸ் தப்பு செய்யவில்லை. 2002-ல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பதினாறு வயசுப் பையன், நல்ல ஃபுட்பால் ஆட்டக்காரன். கூடப் படித்த மாணவி பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார். விசாரணைக்குப் போய்த் தோற்றால் 41 வருஷத்திலிருந்து ஆயுள் வரை போகலாம். டீல் எடுத்தால் சில வருஷம். அவருடைய வக்கீல் சொன்னதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்: நீ பெரிய உடம்புள்ள கறுப்பினப் பையன், உள்ளே போனதுமே ஜூரி உன்னைக் குற்றவாளி என்றுதான் பார்க்கும். யோசிக்கச் சில நிமிஷம்தான் கொடுத்தார்கள், அம்மாவிடம் கூடப் பேச முடியவில்லை. அவர் டீலை எடுத்தார். ஐந்து வருஷத்துக்கு மேல் சிறை. வெளியே வந்த பிறகும் பாலியல் குற்றவாளிப் பட்டியலில் பெயர், காலில் கண்காணிப்புக் கருவி. பிறகு புகார் கொடுத்தவரே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, 2012-ல்தான் கோர்ட் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

அந்தப் பையன் கடைசி வரை ஒரு ஜூரியைப் பார்க்கவே இல்லை. ஆனால் அவன் வாழ்க்கையைத் தீர்மானித்தது ஜூரி பற்றிய பயம்தான். இங்கேதான் எனக்கு டிவி மேல வருத்தம். நிரபராதி என்றால் தைரியமாகக் கோர்ட்டில் நிற்பான், பன்னிரண்டு பேர் உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றே ஒவ்வொரு எபிசோடும் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அதைப் பார்த்துப் பழகினவர்களுக்கு, ஒருத்தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று செய்தி வந்தால் உடனே வரும் வார்த்தை, "தப்பு செய்யாதவன் ஏன் ஒத்துக்கணும்?" நம்ம நாட்டுச் சட்டத்திலும் 2006 முதல் ப்ளீ பார்கெயினிங் இருக்கிறது, ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனை இல்லாத சில குற்றங்களுக்கு. அதனால் அந்தக் கேள்வி நமக்கும் தூரத்து விஷயம் இல்லை.

இதை மெஸ்ஸில் சொன்னப்போ நண்பன் ஒருத்தன் கேட்டான்: "டேய், ரெண்டு பேர் ரூமில் உட்கார்ந்து ஃபார்ம் நிரப்புறதை யாருடா பார்ப்பா?" நியாயமான கேள்விதான். ஆனால் 2023-ல் 'ஜூரி ட்யூட்டி' என்று ஒரு தொடர் வந்தது. வழக்கு, ஜட்ஜ், வக்கீல், மற்ற ஜூரர்கள் எல்லாம் நடிப்பு, ஒரே ஒருத்தருக்கு மட்டும் அது தெரியாது. பாதி நேரம் காத்திருப்பதும் வெட்டிப் பேச்சும்தான் அதில். மொத்தமும் பொய்யான அந்த வழக்கில்தான் ஜூரி வேலையின் நிஜமான சலிப்பை நான் முதல்முதலாகப் பார்த்தேன். அதை எல்லாரும் சிரிச்சு சிரிச்சுப் பார்த்தாங்க. சும்மா காத்திருக்கிறதையே பார்க்கிறவங்க, பதினாறு வயசுப் பையன் முன்னாடி அந்தப் பேப்பரும் பேனாவும் இருக்கிற சில நிமிஷத்தைப் பார்க்க மாட்டாங்களா என்ன?