பத்தாம் வகுப்பும் பத்து லட்சமும்

வெளிநாட்டு வேலை என்றதும் நம் இலக்கியவாதிகளுக்குப் பிரிவும் ஏக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. போன இடத்தில் காய்ச்சல் கண்டால் பணம் கட்டுவது யார் என்ற கேள்வி கதைக்குள் அதிகம் நுழைவதில்லை. உப்புச்சப்பற்ற சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறோம் போலும்.

இந்திய அரசு 2003இல் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீட்டைக் கொண்டுவந்தது. 2017இல் திருத்தப்பட்டபடி பிரீமியம் இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம். இவ்வளவு மலிவான ஏற்பாட்டைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் இது யாருக்குக் கட்டாயம்? 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டியவர்களுக்கு. அதுவும் அரசு பட்டியலிட்ட 18 நாடுகளுக்குச் செல்வோருக்கு மட்டும். பத்தாம் வகுப்பு தேறியவருக்குப் பொதுவாக அந்த அனுமதி தேவையில்லை; ஆகவே கட்டாயக் காப்பீடும் இல்லை. நம்மவர் பெருமளவில் செல்லும் சிங்கப்பூரோ அப்பட்டியலிலேயே இல்லை.

படித்தவன் தன்னைத்தானே பார்த்துக்கொள்வான் என்ற எண்ணம் 1983இல் ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்று தமிழகத்திலிருந்து போய்ச் சாரத்தில் ஏறுகிற இளைஞனிடம் பிளஸ் டூ சான்றிதழ் இருக்கிறது; பாலிடெக்னிக் பட்டயம்கூட இருக்கலாம். கீழே விழுகையில் அவை எதற்கு உதவும்?

'விபத்து' என்ற சொல்லும் நம்மை உறுத்துகிறது. பகலெல்லாம் வெயிலில் உழைத்து, இரவு தூக்கத்தில் மாரடைப்பால் இறந்தவனுடையது இயற்கை மரணம். அந்தப் 10 லட்சம் அவன் வீட்டுக்கு வராது.

போகிற நாடுகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். துபாய் 2013இலேயே மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட் தொழிலாளிக்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்பீட்டின் ஆண்டு வரம்பு, 2023 ஜூலை முதல் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. நல்ல சட்டங்களே. ஆயினும் இவை வேலையோடு கட்டப்பட்டவை. வேலை போனால், உடம்பு தேறும் முன்பே காப்பீடும் போய்விடக்கூடும். முதலாளியோடு பிணக்கு ஏற்பட்டவன் நெஞ்சுவலியைச் சொல்லக்கூடத் தயங்குவான்.

தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் விரும்பிச் சேர்வோருக்குக் காப்பீடு உண்டு. விரும்புவதற்கு முன் அப்படியொன்று இருப்பது தெரிய வேண்டுமே! ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி அலைகிற பையனுக்கு அதைச் சொல்வார் யார்?

காப்பீட்டைக் கல்வித் தகுதியோடு முடிச்சுப் போடுவதை மத்திய அரசு கைவிட வேண்டும் என்கிறோம். வேலைக்கென விசா பெறும் ஒவ்வொருவருக்கும், எந்த நாடானாலும், அது கிடைக்க வேண்டும். நோயால் நேரும் மரணத்துக்கும் பொருந்த வேண்டும். முதலாளி மாறினாலும் தொடர வேண்டும். அதன் பத்திரம் தமிழில் அச்சாகி, விமானம் ஏறுமுன் அவன் கையிலும் வீட்டார் கையிலும் ஒவ்வொரு படி இருக்க வேண்டும்.