37 குதிரைத்திறன்தான்... ஆனா நம்பலாமா? பழைய மாருதி 800 வாங்கும் முன் இதைப் பாருங்க!

திருக்கோகர்ணத்திலிருந்து திருச்சிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். பாட்டியைக் கண் டாக்டரிடம் காட்ட அடிக்கடி போய் வரணும். பஸ்ஸில் ஏறி இறங்க அவரால் முடியாது. இப்படி ஒரு குடும்பம், கையில் இருக்கும் கொஞ்சப் பணத்துக்கு கார் தேடினால் முதலில் கண்ணில் படுவது பழைய மாருதி 800தான். வாங்கலாமா?

எளிமைதான் பலம்

1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற கார் இது. 796 சி.சி, 3 சிலிண்டர், 6 வால்வு. 2000-ம் ஆண்டையொட்டி கார்புரேட்டர் போய், எம்.பி.எஃப்.ஐ வந்தது. இந்த மாடலில் பவர் 37 குதிரைத்திறன், டார்க் 59 நியூட்டன் மீட்டர். அந்த டார்க் 2,500 ஆர்.பி.எம்மிலேயே கிடைப்பதால், டவுனுக்குள் அடிக்கடி கியர் மாற்றாமல் ஓட்டலாம்.

இதில் டர்போ கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது இன்ஜின் தானே காற்றை இழுத்துக்கொள்ளும். இதைத்தான் 'நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்' என்கிறார்கள். டர்போவின் கூடுதல் சூடும் அழுத்தமும் இல்லை. கெட்டுப்போக பாகங்களும் குறைவு. ஆம்னி வேனிலும் இதே இன்ஜின்தான் என்பதால், இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் சின்ன ஊர்களிலும் உண்டு.

எங்கே காலை வாரும்?

கூலன்ட் குறைந்து இன்ஜின் சூடேறினால் ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட்டே வளையலாம். அந்தச் செலவு, மலிவாக வாங்கிய லாபத்தை விழுங்கிவிடும். அடுத்தது டைமிங் பெல்ட். ரப்பர் என்பதால், ஓடாமல் நின்ற காரிலும் பழசாகும். அறுந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்க. தெரியாது என்றால், வாங்கியதும் மாற்றிவிடுங்க.

பார்க்கும்போது...

* இன்ஜின் ஆறியிருக்கும்போது போய், நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க.
* நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.
* ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த மாதிரி இருந்தால், கூலன்ட் கலந்திருக்கலாம்.
* 20 நிமிஷம் ஓட்டிவிட்டு டெம்பரேச்சர் முள்ளையும், ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்பதையும் பாருங்க.
* இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களை மெக்கானிக்கிடம் காட்டுங்க.
* 15 வருஷம் தாண்டிய கார் என்றால், ஆர்.சி புதுப்பிக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ்.

கிலோமீட்டர் மீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க. 40,000 ஓடி கவனிப்பில்லாமல் கிடந்த காரைவிட, ஒழுங்காக ஆயில் மாற்றி ஒரு லட்சம் ஓடிய கார் மேல்.

இன்னொன்று: இன்ஜின் நல்லதாக இருந்தால் கார் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. மாருதி 800-ல் ஏர்பேக்கும் இல்லை, ஏ.பி.எஸ்ஸும் இல்லை. ஏ.சி போட்டு நாலு பேர் உட்கார்ந்தால், லாரியை ஓவர்டேக் பண்ண 37 குதிரைகள் திணறும். திருச்சி ரோட்டில் 60-ஐத் தாண்டாமல், சீட் பெல்ட் போட்டு நிதானமாகப் போனால், பாட்டி பத்திரமாக வீடு திரும்பலாம்!