கிணற்று நீரும் பொறுப்புச் சட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. புத்தூர் நிலாவரைக் கிணறு தொடக்கம் தோட்டத்துத் துலாக்கிணறு ஈறாக, நாம் அருந்துவதும் இறைப்பதும் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்கும் மழைநீரே. ஓரிடத்தில் ஊற்றிய நஞ்சு வேறோரிடத்துக் கிணற்றில் தலைகாட்டும் நிலம் இது. இந்நிலத்துக்குக் கடும் பொறுப்பே போதும் என்பாருளர். அக்கூற்று பொருந்தாது.

கடும் பொறுப்பின் பிறப்பிடம், பிரபுக்கள் சபை 1868இல் தீர்த்த றைலண்ட்ஸ் எதிர் பிளெச்சர் வழக்கு. ஆலையொன்றின் நீர்த்தேக்கத்து நீர், கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளின் வழியே அயலவரின் நிலக்கரிச் சுரங்கத்துட் புகுந்தது. ஆலையார் தாமே கவலையீனமாக நடவாதிருந்தும் பொறுப்பாளியாயினர். ஆயினும் தெய்வச் செயல், மூன்றாமவர் செயல், வாதியின் சம்மதம், சட்டம் தந்த அதிகாரம் என விலக்குகள் பல சேர்ந்து இவ்விதியை மெலியச் செய்தன.

போபால் பேரழிவு 1984இல் நிகழ்ந்தது. மறுவருடம் டில்லியில் ஓலிய வாயு கசிந்தது. அவ்வாயுக் கசிவு வழக்கில், 1986இல், பிரதம நீதியரசர் பகவதி தலைமையிலான இந்திய உச்ச நீதிமன்றம் இவ்விலக்குகளை ஒதுக்கியது. அபாயகரமான தொழிலால் இலாபம் பெறுவோர் அதன் தீங்குக்கு விலக்கின்றிப் பொறுப்பாவர். நிறுவனம் பெரிதாயின் நட்டஈடும் பெரிதாதல் வேண்டும். இதுவே முழுப் பொறுப்பு. இராசத்தான் மாநிலத்துப் பிச்ரி கிராமத்தின் கிணறுகள் இரசாயனக் கழிவால் நஞ்சானபோது, 1996இல் இவ்விதியே அங்கு கைகொடுத்தது.

நமது அயலூராகிய சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளைக் கெடுத்த வழக்கில், 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் செலுத்தப் பணித்தது. “நீதிதான் கிடைத்ததே, புது விதி எதற்கு?” எனலாம். அது அடிப்படை உரிமை வழக்கு. அவ்வழியிற் செல்வோர் அரசின் தவற்றைக் காட்டல் வேண்டும்; மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துள் மனுச் செய்தல் வேண்டும். நிலத்தடி நஞ்சு அத்தவணைக்குக் காத்திருக்குமா? மாவட்ட நீதிமன்றம் சென்றாலோ, உரோமன் டச்சுச் சட்டத்தின் பொதுவிதி எதிராளியின் கருத்தையோ கவலையீனத்தையோ நிரூபிக்கக் கேட்கிறது. வெங்காயம் நடும் கமக்காரன் ஆலையின் உள்விவகாரத்தை எங்ஙனம் நிரூபிப்பான்?

முழுப் பொறுப்பு தொழில்களை முடக்கும் என்பது மற்றொரு வாதம். நட்டம் எவ்வாறாயினும் ஒருவர் தலையில் விழவே செய்யும். இலாபம் கண்டவர் தலையிலா, கிணற்றை இழந்தவர் தலையிலா என்பதே கேள்வி. இதற்கு விடையைப் பாராளுமன்றம் சட்டமாக இயற்றுதல் வேண்டும். அடுத்த கிணறு கெடும்வரை காத்திருத்தல் அறமன்று.