நாக்கு ஒட்டுதல்: எப்போது வெட்டலாம், எப்போது கூடாது

பச்சிளங்குழந்தை மருத்துவர்கள், தாய்ப்பால் ஆலோசகர்கள், பேச்சு - கேட்பியல் வல்லுநர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் எந்தக் குழந்தைக்கும் அதை வெட்டக் கூடாது. அதனால் பால் குடிப்பது தடைபட்டு, பால் கொடுக்கும் முறையைச் சரிசெய்த பிறகும் சிரமம் நீடித்தால் வெட்டலாம். அப்போது நாள் கடத்தவும் கூடாது. பேச்சு வரவில்லை என்று வெட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை.

அந்தச் சவ்வு எல்லோருக்கும் இருப்பதுதான். சிலருக்கு அது நாக்கின் நுனிவரை வந்திருக்கும். குழந்தை அழும்போது நுனி இதய வடிவில் மடங்கும். இதைத்தான் நாக்கு ஒட்டுதல் என்கிறோம். இப்படி இருக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் சிரமமில்லாமல் பால் குடிக்கிறார்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆனால் அந்நாட்டு மருத்துவமனைகளில் நாக்கு ஒட்டுதல் என்று கண்டறியப்பட்ட குழந்தைகள் 1997இல் 3,934 பேர். 2012இல் 32,837 பேர். வெட்டும் சிகிச்சையும் அதே வேகத்தில் கூடியது. பதினைந்து ஆண்டுகளில் குழந்தைகளின் வாயமைப்பு இப்படி மாறிவிடாது. பாஸ்டன் நகரில் இந்த அறுவைக்கு அனுப்பப்பட்ட 115 குழந்தைகளை ஒரு குழு முதலில் பால் குடிக்கவைத்துப் பரிசோதித்தது. அவர்களில் 72 பேருக்கு அறுவையே தேவைப்படவில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நாக்கை அல்ல, பால் குடிப்பதை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா? உறிஞ்சும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? வாயை எடுத்ததும் காம்பு நசுங்கித் தட்டையாக இருக்கிறதா? இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட்டதா? அண்ணப் பிளவு, மூக்கடைப்பு, தசைத் தளர்ச்சி, தாயின் காம்பில் பூஞ்சைத் தொற்று ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். கீழ்த்தாடை மிகச் சிறிதாக இருக்கும் குழந்தைக்குச் சவ்வை வெட்டினால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கக்கூடும். அதனால் அவசரப்பட்டுக் கத்தரி எடுக்கக் கூடாது.

தாயின் வலியைச் சின்ன விஷயமாக நினைக்கவும் கூடாது. "தலைச்சன் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்று வீட்டில் சொல்வார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுப்பாள். பிறகு ஒருநாள் பவுடர் பால் டப்பா வீட்டுக்கு வரும். 2017இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஐந்து சோதனைகளில் இருந்த 302 குழந்தைகளின் தரவுகளைப் பார்த்தது. வெட்டிய பிறகு தாயின் காம்பு வலி குறைந்தது தெரிந்தது. பால் குடிப்பது எல்லாக் குழந்தைகளிடமும் மேம்பட்டது என்று சொல்ல முடியவில்லை. எங்கள் பார்வையில், உதவி செய்த பிறகும் தீராத அந்த வலி ஒன்றே வெட்டுவதற்குப் போதுமான காரணம். அதுவரை பாலைக் கறந்து பாலாடையில் புகட்டலாம்.

பிறந்த சில வாரங்களில் இது சில நொடி வேலை. நாக்கைத் தூக்கிப் பிடித்து, முனை மழுங்கிய கத்தரியால் வெட்டி, உடனே மார்பில் போடுவார்கள். சில சொட்டு ரத்தம் வரும். பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா என்று முன்பே கேட்டாக வேண்டும். வெட்டிய இடம் சில நாள் வெள்ளையாகத் தெரியும். அது சீழ் அல்ல. லேசர் கத்தரியைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை, செலவுதான் கூடுதல். வெட்டிய புண்ணை நாள்தோறும் விரலால் இழுத்துவிடும் பயிற்சியையும், பால் குடிக்கவில்லை என்று மேலுதட்டுச் சவ்வை வெட்டுவதையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது பேச்சு பற்றியது. இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளைக்கு நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள். அதிலும் பேச்சு வராவிட்டால் நாக்கை வெட்டிவிடச் சொல்லிக் கூட்டிவருவார்கள். நாக்கு ஒட்டுதலால் பேச்சு தாமதமாவதில்லை. காது கேளாமை, ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும். சவ்வை வெட்டிவிட்டு "இனி பேசிவிடும்" என்று காத்திருக்கும் மாதங்கள் காது கேளாத பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்காதவை. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். சீக்கிரம் பொருத்தினால்தான் பேச்சு நன்றாக வரும். எனவே பேச்சு தாமதம் என்றால் முதல் பரிசோதனை காதுக்கு. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.

பேசுகிற பிள்ளைக்குச் சில எழுத்துகள் மட்டும் தெளியாமல் இருப்பது வேறு. ழகரமும் றகரமும் பிள்ளைகளுக்குக் கடைசியாகப் படிபவை. அதற்காக நாக்கை வெட்ட வேண்டியதில்லை. நான்கைந்து வயதிலும் நாக்கு நுனி மேல்பல் வரிசையின் பின்புறத்தை எட்டவில்லை, பேச்சுப் பயிற்சியாளரும் அதுதான் தடை என்கிறார் என்றால் அறுவையை யோசிக்கலாம். அந்த வயதில் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்ல வேண்டும். பிறகு பேச்சுப் பயிற்சியும் தொடர வேண்டும்.

பிரசவ வார்டுகளிடம் நாங்கள் கேட்பது இது: வீட்டுக்கு அனுப்பும் முன் ஒருமுறையாவது பால் கொடுப்பதை முழுமையாகப் பாருங்கள், பார்த்ததைக் குழந்தையின் அட்டையில் எழுதுங்கள். வெட்டச் சொல்லும் மருத்துவர் அதற்கான காரணத்தையும், வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழில் எழுதிக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.