கணக்கில் காட்டும் கவனம் பிள்ளையின் பெயரில் வேண்டாமா?

நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்! எட்டாவதோடு கடையில் உட்கார வைக்கப்பட்ட பையனும், வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பெண்ணும் நம் வீடுகளில் பழங்கதையாகிக் கொண்டிருக்கிறார்கள். இன்று அதே வீடுகளிலிருந்து நீட் எழுதுகிறார்கள், ஜே.இ.இ. எழுதுகிறார்கள், மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர 2022 முதல் நடக்கும் கியூட் தேர்வையும் எழுதுகிறார்கள். தாயின் நகையை அடகு வைத்தும், தந்தை வளைகுடாவில் இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக இருந்தும் பயிற்சிக்குப் பணம் கட்டுகிறோம்.

இவ்வளவும் செய்துவிட்டு, பிள்ளையின் பெயர் காகிதத்தில் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்க மறந்து விடுகிறோம்! பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், சாதிச் சான்றிதழில் வேறொரு பெயர். விண்ணப்பம் போடும் நாளில்தான் இது கண்ணில் படுகிறது. அப்போது ஓடுகிறோம், இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும். கடைசித் தேதி நமக்காகக் காத்திருக்குமா?

இந்தக் கோளாறு எல்லாச் சமுதாயத்திலும் உண்டு. ஆனால் நம்மிடம் கூடுதலாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. நம் பெயர்கள் அரபியில் பிறந்து, தமிழில் அழைக்கப்பட்டு, ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரையே எடுத்துக் கொள்ளுங்கள். முகமது, முஹம்மது, முகம்மது, மொஹமத் என்று தமிழிலேயே பல விதம். ஆங்கிலத்தில் ‘யு’ போட்டு ஒருவர் எழுதுகிறார், ‘ஓ’ போட்டு இன்னொருவர் எழுதுகிறார்; ஓர் ‘எம்’ போதும் என்பார் ஒருவர், இரண்டு ‘எம்’ வேண்டும் என்பார் மற்றவர்; ‘எம்.டி.’ என்று சுருக்கி விடுவார் மூன்றாமவர். அப்துல் காதர் சில இடத்தில் ஒரே சொல், சில இடத்தில் இரண்டு சொல். பெண் பிள்ளைகளுக்கோ பள்ளியில் பாத்திமா, ஆதாரில் பாத்திமா பீவி, ரேஷன் கார்டில் பாத்திமா பேகம். கூடவே முன்னெழுத்து: ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் தந்தை பெயரே முழுதாக. தந்தையின் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோ இவை எதனோடும் ஒட்டாது!

உச்சரிப்பில் இவை ஒன்றுதான். கணிப்பொறிக்கு இவை வெவ்வேறு ஆட்கள்.

சரி, எது மூலம்? எதை வைத்து எதைத் திருத்துவது? இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தெளிவாகச் சொல்கிறோம்: மேற்படிப்புக்கு மூலம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ். நீட், ஜே.இ.இ., கியூட் ஆகிய மூன்றையும் நடத்தும் தேசியத் தேர்வு முகமை, பெயரையும் பிறந்த தேதியையும் அந்தச் சான்றிதழில் உள்ளபடியே கேட்கிறது. 2026 ஜே.இ.இ. மெயின் தேர்வுக்காக, 2025 செப்டம்பர் இறுதியிலேயே ஓர் அறிவிப்பு வெளியிட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி ஆதாரைத் திருத்திக் கொள்ளுங்கள், சாதிச் சான்றிதழைப் புதுப்பித்துக் கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே எச்சரித்ததும் அந்த முகமைதான். பிறந்த தேதிக்கு ஆதாரைச் சான்றாகக் கொள்ள முடியாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆகவே ஆதாரைப் பார்த்துச் சான்றிதழை மாற்ற ஓடாதீர்கள். சான்றிதழைப் பார்த்து ஆதாரை மாற்றுங்கள்.

அப்படியானால் சான்றிதழே பிழையாக இருந்தால்? அதனால்தான் சொல்கிறோம், கவனிக்க வேண்டிய காலம் பன்னிரண்டாம் வகுப்பு அல்ல, ஒன்பதாம் வகுப்பு! சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவர் விவரம் வாரியத்தில் பதிவாகி விடுகிறது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில், பொதுத் தேர்வுக்கு முன் பள்ளி தயாரிக்கும் பெயர்ப் பட்டியலில் உள்ளதுதான் சான்றிதழில் அச்சாகிறது. அந்தப் பட்டியலைச் சரிபார்க்கச் சொன்னால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற பெற்றோர் எத்தனை பேர்! அன்று ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் முடிந்திருக்கும் காரியம், பிறகு தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போகிறது. பெயரை மாற்ற அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். பிறந்த தேதி என்றால் நீதிமன்றப் படி ஏற நேரிடும்.

இன்னும் முன்னால் போனால், தவறு பிறந்த வீட்டிலேயே தொடங்குகிறது. மருத்துவமனையில் பிறப்பைப் பதிவு செய்யும்போது குழந்தைக்குப் பெயர் இருப்பதில்லை. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுகிறோம். ஊருக்கெல்லாம் இறைச்சி பங்கிடுகிறோம். பதிவேட்டில் பெயரைச் சேர்க்க மறந்து விடுகிறோம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம் என்பது விதி. பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டும்போது அந்தக் காலக்கெடுவும் முடிகிறது என்பதைக் கவனியுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். இளம் பெற்றோர்கள் இதில் மெத்தனம் காட்டவே கூடாது.

ஆதார் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அதற்கு மேல் என்றால் ஆதார் ஆணையத்தின் மண்டல அலுவலகத்தில் சிறப்பு அனுமதி கேட்டு அலைய வேண்டும். எனவே தெருமுனைக் கடையில் ‘எப்படியாவது போடுங்க’ என்று சொல்லி அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். சான்றிதழில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும், இடைவெளியையும், புள்ளியையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்கப்பட வேண்டும்; 15 வயதுப் புதுப்பித்தலோடு பெயரையும் சரி பார்த்து விடுங்கள். ஆதாரோடு இணைந்த செல்பேசி எண், துபாயிலிருந்து திரும்பிய பிறகு ரீசார்ஜ் செய்யாமல் விட்ட தந்தையின் பழைய எண்ணாக இருந்தால், ஓ.டி.பி. யாருக்குப் போகும்?

அடுத்தது, நம் உரிமை சம்பந்தப்பட்ட விஷயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இட ஒதுக்கீடு கிடைத்தது. எத்தனை மாநாடு, எத்தனை பேரணி, எத்தனை பேரின் உழைப்பு! அந்தப் பட்டியலில் உள்ளவை ஏழு பிரிவுகள்: அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் அடங்கிய லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத். பள்ளியில் சேர்க்கும்போது ‘இஸ்லாத்தில் சாதி இல்லை’ என்று சொல்லி வெறுமனே முஸ்லிம் என்று எழுதி விட்டு வருகிறோம். மார்க்கத்தில் சாதி இல்லை என்பது சத்தியம். ஆனால் அரசாங்கப் பட்டியல் பிரிவின் பெயரைக் கேட்கிறது. தந்தையின் சான்றிதழில் லெப்பை, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் வெறும் முஸ்லிம் என்றிருந்தால், சாதிச் சான்றிதழ் வாங்கும் இடத்தில் கேள்வி எழும். சான்றிதழ் கையில் இல்லாத பிள்ளை பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும். போராடிப் பெற்ற ஒதுக்கீட்டை ஒரு காலிக் கட்டத்தில் பறிகொடுப்பதா?

மத்திய அரசு இடங்களுக்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. ஓ.பி.சி. சான்றிதழ், அதுவும் கிரீமி லேயரில் வராதவர் என்ற சான்றிதழ், தனியாக வாங்க வேண்டும். உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் உள்ளதா, சான்றிதழின் தேதி அந்த ஆண்டுக்குச் செல்லுமா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் கிடைக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு விதமாகப் பெயர் இருந்தால் அங்கேயும் சிக்கல்தான்.

விண்ணப்பம் போடும் வேலையை பிரவுசிங் சென்டரில் ஒப்படைத்து விட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். உங்கள் எண், உங்கள் மின்னஞ்சலையே கொடுங்கள். கடைக்காரரின் எண்ணைக் கொடுத்தால் அடுத்த அறிவிப்பு கடைக்காரருக்குத்தான் வரும். பணம் கட்டுமுன் பிள்ளை ஒரு முறை, வீட்டில் இன்னொருவர் ஒரு முறை உரக்கப் படித்துச் சரி பாருங்கள்.

அதையும் மீறிப் பிழை நேர்ந்து விட்டால், விண்ணப்பம் முடிந்த பின் திருத்தத்துக்குச் சில நாட்கள் அவகாசம் தருகிறார்கள். 2025-இல் நீட் தேர்வுக்கு அந்த அவகாசம் மார்ச் 9 முதல் 11 வரை, மூன்றே நாட்கள்! ரமலான் மாதம், கடைகளில் பெருநாள் வியாபாரம், பிள்ளைகளுக்கோ பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு நடந்து கொண்டிருந்தது. கவனிக்கத் தவறியவர்களுக்குக் கதவு அடைபட்டது. அந்த நாட்களிலும் எல்லா விவரத்தையும் மாற்ற முடியாது. எவற்றை மாற்றலாம் என்பது ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கப்படும். அதுவும் கடந்து விட்டால், நுழைவுச் சீட்டில் உள்ள பிழையை உடனே எழுத்து மூலமாகத் தேர்வு முகமைக்குத் தெரிவித்து நகலை வைத்துக் கொள்ளுங்கள். கவுன்சலிங்குக்குப் போகும்போது அசல் சான்றிதழ்கள் அனைத்தோடும், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரத்தையும் கொண்டு செல்லுங்கள். இது கடைசித் துரும்பு. ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில். அந்த நிலைக்கு வராமல் பார்ப்பதே அறிவுடைமை.

நம் மீது மட்டும் குறை சொல்லி நிறுத்த மாட்டோம். பள்ளி எழுத்தரும், கணிப்பொறி இயக்குபவரும் செய்த பிழைக்குப் பிள்ளை ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? சி.பி.எஸ்.இ. தொடர்பான ஜிக்யா யாதவ் வழக்கில் 2021 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம், பெயர் என்பது அரசியல் சட்டம் தரும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கிய உரிமை என்றும், பள்ளிப் பதிவேடுகளோடும் பொது ஆவணங்களோடும் ஒத்துப்போகும் திருத்தத்தை வாரியம் மறுக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் வழியில் தமிழக அரசும் நடக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவரின் விவரத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டுப் பெற்றோரிடம் தர வேண்டும். பள்ளிகளிலேயே ஆதார் திருத்த முகாம் நடத்த வேண்டும். உச்சரிப்பில் ஒன்றான பெயர் எழுத்தில் மாறியிருந்தால் உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்கும்படி ஆணையிட வேண்டும். தேசியத் தேர்வு முகமை திருத்த அவகாசத்தை நீட்டிக்க வேண்டும். நீட்டே கூடாது என்று தமிழ்நாடு குரல் கொடுக்கிறது; சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்ற செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். தேர்வு இருக்கும்வரை நம் பிள்ளைகள் அதன் வாசலில் திருப்பி அனுப்பப்படக் கூடாது.

ஆவணப் பிழை கல்லூரி வாசலோடு நிற்பதுமில்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான அசாம் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் அதிகமானோர் விடுபட்டார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் அதில் உண்டு. ஒரு தாளில் உள்ள பெயர் இன்னொரு தாளோடு பொருந்தாததால் விசாரணைக்கு அலைந்த ஏழைகள் ஏராளம்.

ஆகவே ஜமாஅத்தார்களிடம் ஒரு வேண்டுகோள். நிக்காஹ் தஃப்தரில் ஒரு பெயர் தவறினால் பதறுகிறோமே, அதே அக்கறை இதிலும் வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியல் எடுங்கள். பெருநாள் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதரஸா கூடத்தில் அவர்களின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், பள்ளி விவரம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் நான்கு பேர் உட்கார்ந்தால் போதும். தந்தை வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கும், தந்தையற்ற பிள்ளைகளுக்கும் அந்த இளைஞர்களே துணைக்குப் போகட்டும். ஜும்ஆ பயானில் விண்ணப்பத் தேதியையும் திருத்தத் தேதியையும் அறிவியுங்கள்.

வியாபாரப் பெருமக்களே! குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சிறியதோ பெரியதோ எழுதச் சோம்பக் கூடாது என்று அது நமக்குக் கற்றுத் தருகிறது. ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பில்லைத் திருப்பி அனுப்புகிற நாம், பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து தவறியிருப்பதைப் பார்த்தும் ‘பிறகு பார்த்துக்கலாம்’ என்று விடலாமா?

இந்த வாரமே வீட்டு அலமாரியைத் திறந்து அந்தக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். கவுன்சலிங் கூடத்தின் வாசலில் நின்று கைசேதப்படும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வராமல், இன்ஷா அல்லாஹ், நாம் தடுக்கலாம்.