தேர்ந்தெடுத்ததன் மேல் தட்டினால்

தேர்ந்தெடுத்த வரியின் மேல் ஒரு சாவியைத் தட்டினால் பழையது அழிந்து புதியது வர வேண்டுமா, பழையது அப்படியே இருக்கப் புதியது பக்கத்தில் சேர வேண்டுமா? உரைதிருத்தி உருவாக்குவோரிடையே இந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஈமாக்ஸ் என்ற திருத்தியின் இயல்பிருப்பில் இன்றும் பழையது அழிவதில்லை. ‘டெலீட் செலக்‌ஷன் மோடு’ என்பதை நாமே இயக்கிக்கொண்டால்தான் அழியும். ஆனால் 2012இல் வந்த 24ஆம் பதிப்பிலிருந்து, தேர்ந்தெடுத்த பகுதி இருக்கும்போது பேக்ஸ்பேஸ் அடித்தால் அது மொத்தமாகப் போய்விடுகிறது. எழுத்துச் சாவிக்கு ஒரு சட்டம், அழிக்கும் சாவிக்கு வேறொரு சட்டம். விம் என்ற திருத்தியில் கதை வேறு. அங்கே தேர்ந்தெடுத்தபின் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் கட்டளை. தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அந்தக் கட்டளையே போய்ச் சேராது.

ஈமாக்ஸில் ஊறியவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அங்கே தேர்வின் தொடக்கமாகக் குறி வைப்பது என்பது அழிப்பதற்கான ஏற்பாடு அல்ல. திரும்பி வரவேண்டிய இடத்தை நினைவில் வைப்பதற்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். நூறு வரி தேர்வில் இருக்கும்போது விரல் தவறி ஒரு சாவியில் பட்டால் நூறு வரியும் காணாமல் போவது நியாயமா என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இயல்பிருப்பை யாருக்காக வைக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். 1970களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ‘ஜிப்ஸி’ என்ற திருத்தியை எழுதியபோது, ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்தில் பிரதி திருத்துபவர்கள்தான் அவர்கள் கண்முன் இருந்தார்கள். முதலில் தேர்ந்தெடு, பிறகு செய்ய வேண்டியதைச் செய் என்ற முறை அந்த வேலையில் உருப்பெற்றது. தமிழுக்கான திருத்தியை வடிவமைக்கும் நாமும் அப்படி ஒரு வேலையைக் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்வது தேவாலா மாதிரியான ஊரில் நடக்கும் மனு தட்டச்சு.

தேவாலா இருக்கும் நீலகிரியின் பந்தலூர் வட்டத்தில் மனுவுக்குக் காரணங்கள் தீர்வதே இல்லை. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் பிரிவு 17இன் கீழ் வரும் நிலங்களின் சிக்கல் தலைமுறைகளைத் தாண்டி இழுக்கிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கும் வீடு, சான்றிதழ் என்று தேவைகள். இத்தனைக்கும் மனுவை யாரும் முதலிலிருந்து அடிப்பதில்லை. நேற்றைய கோப்பைத் திறந்து, பெயர், தகப்பனார் பெயர், ஊர், சர்வே எண் ஆகியவற்றை மாற்றிவிட்டு பிரிண்ட் கொடுப்பதுதான் வழக்கம். அந்தக் கோப்பில் பழைய பெயரின் ஒரு துண்டு தங்கினாலும், ஒருவருடைய சர்வே எண் இன்னொருவர் மனுவில் ஏறினாலும், அலைவது மனு கொடுத்தவர். தவறி அழிந்ததை அன்டு திருப்பிக் கொடுத்துவிடும். தவறித் தங்கியதை அன்டு காட்டிக்கொடுக்காது. அதனால்தான் தட்டினால் அழியட்டும் என்கிறேன்.

ஆனால் எது தேர்வாகிறது என்பது சரியாக இல்லாவிட்டால் அழிவதும் தவறாகத்தான் அழியும். ‘தேவாலாவில் வசிக்கும்’ என்பதைச் சேரம்பாடிக்கு மாற்ற வேண்டும் என்று வையுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் பிடித்து மாற்றினால் ‘சேரம்பாடிவில்’ என்று நிற்கும். உடம்படுமெய் மாறுவதால் சொல் முழுவதையும் அடித்தே ஆக வேண்டும். இரட்டைச் சொடுக்கு உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் பிடிப்பதே தமிழுக்குப் பொருத்தம். பின்னால் வரும் இடைவெளியைப் பிடிக்கக் கூடாது. பல நிரல்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லெழுத்து என்று கேட்டால் துணையெழுத்தும் புள்ளியும் கணக்கில் வராது. ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகிறது. அந்த விதியை நம்பி எழுதிய திருத்தியில் எங்கே சொடுக்கினாலும் சொல்லின் பாதிதான் கிடைக்கும்.

எழுத்து அளவிலும் இதே கதை. எதை ஒரே எழுத்தாகப் பிடிப்பது என்று சொல்லும் யூனிகோடின் பழைய எழுத்துக்குழு விதியில் கா, கீ இரண்டும் உடையாமல் நிற்கும், கி, கு உடையும். இகரத் துணையெழுத்துக்கு ஒரு வகைப்பாடு, ஈகாரத்துக்கு வேறு வகைப்பாடு என்பதுதான் காரணம். 2008இல் 5.1 பதிப்போடு வந்த விரிவான விதியில் உயிர்மெய் எல்லாமே ஒரே அலகாயின. பழைய விதியை வைத்திருக்கும் நூலகங்களை இனியாவது கைவிட வேண்டும். ‘கொ’வின் இருபுறமும் கொம்பும் காலும் நிற்க, நடுவில் பாதித் தேர்வு என்று ஒன்றைக் காட்டுவதில் யாருக்கும் பயனில்லை. ஸ்ரீ, க்ஷ இரண்டும் மட்டும் இன்னும் இரண்டிரண்டு அலகுதான். 2023இல் 15.1 பதிப்பு தேவநாகரி, மலையாளம் முதலிய எழுத்துகளில் கூட்டெழுத்தை ஒன்றாகப் பிடிக்க விதி சேர்த்தபோது தமிழ் அதில் இல்லை. அது சரியே, ‘ப்ப’ ஒட்டிக்கொண்டால் நமக்குத் தொல்லை. ஸ்ரீ, க்ஷ இரண்டையும் உரைதிருத்தியை உருவாக்குபவர்களே விதிவிலக்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பேக்ஸ்பேஸை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ‘கூ’ அடிக்கப் போய் ‘கு’ அடித்தவருக்குத் துணையெழுத்து மட்டும் போனால் போதும், ககரம் நிற்கட்டும். தேர்வுக்கு முழு எழுத்து, பேக்ஸ்பேஸுக்கு ஒரு குறியீடு என்பதை யூனிகோடு ஆவணமும் அனுமதிக்கிறது.

இனி அன்டு. ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகளில் சில, க் அடித்து, புள்ளியை பேக்ஸ்பேஸால் நீக்கி, பிறகு துணையெழுத்தைச் சேர்க்கின்றன. திருத்தி இவை ஒவ்வொன்றையும் தனிப்படியாகக் குறித்துவைத்தால், அழிந்த பெயரை மீட்கக் கன்ட்ரோல் இசட்டை மீண்டும் மீண்டும் அடித்து, பாதி எழுத்துகளைக் கடந்து போக வேண்டியிருக்கும். அழிந்த பகுதியும் அதன்மேல் அடித்த சொல்லும் சேர்ந்து ஒரே படியாக இருக்க வேண்டும். அது இல்லாத திருத்தியில் தட்டினால் அழியும் என்ற இயல்பிருப்பை வைக்காதீர்கள். அங்கே ஈமாக்ஸ்காரர்கள் சொல்வதுதான் சரி.